பட்டன் டீச்சர்

பெரியவர்களுக்கு மெஷின் பழக்கிக் கொடுக்கிற தொழிலில் மெஷின் கெட்டுப்போவது குறைவு, மானம் கெட்டுப்போவதுதான் அதிகம். சில நாள் அவர்களுடையது, பல நாள் நம்முடையது. அப்பாவுக்குச் செல்போனில் படம் அனுப்பச் சொல்லிக் கொடுத்து, அவர் பனியனோடு நிற்கிற படம் சம்பந்தி வீட்டுக் குரூப்பில் போய் விழுந்து, அடுத்த கல்யாண வீட்டில் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். செல்போன் என்ற பேச்சே இல்லாத எண்பதுகளில், தென்காசியில், சம்பளம் வாங்கிக்கொண்டு அப்படித் தலை குனிந்தவள் நான்.

முன்வாசல் வேண்டாம்

ரத வீதியில் ஆறுமுகம் அண்ணாச்சி ரேடியோ கடை வைத்திருந்தார். அப்போது வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள் டேப் ரெக்கார்டர், முள் இல்லாத வாட்ச், கால்குலேட்டர் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்குவார்கள். லீவு முடிந்ததும் அவர்கள் ஏறிப் போய்விடுவார்கள். பெட்டியும் பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். அண்ணாச்சிக்கு ஒரு யோசனை தோன்றியது. எங்கே வாங்கிய சாமானாக இருந்தாலும் சரி, வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பழக்கிக் கொடுப்போம் என்று சொல்லி, கடை மெக்கானிக்கைக் கடையநல்லூருக்கு அனுப்பினார். அங்கே வீட்டில் பெண்கள் மட்டும்தான். யாரும் வெளியே வரவில்லை. மெக்கானிக் தெருவில் நின்றபடி, "செவப்புப் பட்டனை அமுக்குங்கம்மா!" என்று கத்த, பக்கத்து வீட்டில் யாரோ அவர்கள் பெட்டியின் சிவப்புப் பட்டனை அமுக்க, அங்கே ஓடிக்கொண்டிருந்த பாட்டு அழிந்துபோயிற்று.

அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி பெண் ஆள் தேடினார். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். ஒரு வாரத்தில் வேலையைக் கற்றுக்கொண்டு, சாம்பிளுக்கு ஒரு டேப் ரெக்கார்டரைப் பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஊரில் எனக்கு 'பட்டன் டீச்சர்' என்று பேர் வந்தது. வீடு வீடாகப் போகிற வேலை அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை. முதல் சம்பளத்தன்று இனிப்பு வாங்கிக்கொண்டு ஆசையாக வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அம்மா சொன்னாள்: "டீச்சர் வேலைன்னுதான் தெருவுல சொல்லி வச்சிருக்கேன். பெட்டியத் தூக்கிட்டு முன்வாசல் வழியா வராதட்டி."

சிநேகிதர் வாங்கிய வாட்ச்

சங்கரலிங்கம் சார் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு மூன்றாம் வகுப்பில் அட்டைக் கடிகாரத்தை வைத்து மணி பார்க்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். ஒரு நாள் கடைக்கு வந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்ததைப் பிரித்து மேசையில் வைத்தார். பளபளவென்று ஒரு டிஜிட்டல் வாட்ச்.

"கோமதி, என் சிநேகிதர் ஒருத்தருக்கு மகன் துபாய்ல இருந்து இதைக் கொடுத்து விட்டிருக்கான். முள்ளே இல்லையே, எப்படி மணி பாக்கதுன்னு கேக்காரு."

பார்த்தேன். 17:45 என்று காட்டியது. சொன்னேன். "பதினேழு மணின்னு ஒண்ணு உண்டா?" என்று அந்தக் காலத்துக் கோபத்தோடு கேட்டார். பன்னிரண்டு மணிக் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தேன். சிநேகிதருக்கு மகன் அனுப்பிய வாட்ச் என்றால், சாரின் இடது கையில் மட்டும் ஏன் புதிதாகப் பட்டைத் தடம் தெரிகிறது என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் சார் மறுபடியும் வந்தார். முகம் செத்துப் போயிருந்தது. சிநேகிதர் ஒரு துஷ்டி வீட்டுக்குப் போயிருக்கிறார். பிணத்தைக் குளிப்பாட்டப் போகிற நேரம், எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது, கையில் இருந்த வாட்ச் பாட ஆரம்பித்துவிட்டதாம். அலாரம். குதித்துக் குதித்து ஓடுகிற இங்கிலீஷ் மெட்டு. எந்தப் பட்டனை அமுக்கினாலும் நிற்கவில்லை. பதறிப்போய், அதற்கென்று நீர்மாலை எடுத்து வைத்திருந்த தண்ணீர்க் குடத்துக்குள் கையை விட்டிருக்கிறார். குடத்துக்குள் இருந்தும் பாடியதாம், இன்னும் கொஞ்சம் கணீரென்று.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஐயோ பாவம் சார், உங்க சிநேகிதருக்கு எப்படி இருந்திருக்கும்!" என்றேன். சார் வாட்சை என் பக்கம் தள்ளினார். என்னைப் பார்க்காமல், கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சிநேகிதரும் இல்ல, ஒருத்தரும் இல்லம்மா. செத்தது என் சம்பந்தி."

நிற்காத டேப்

கடையநல்லூரில் சைத்தூன் உம்மா வீட்டுக்கு நான் முதல் தடவை போனபோது, அவரும் மருமகள் மும்தாஜும் ஒரே பாயில் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். மகன் காதர் சவுதியில் இருந்தான். மாதம் ஒரு கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவான். அதைப் போட்டுக் கேட்க இவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பதில் பேசி அனுப்பத்தான் தெரியவில்லை. சிவப்புப் பட்டனையும் ஓட்டுகிற பட்டனையும் சேர்த்து அமுக்கக் காட்டினேன். அன்றைக்குச் செங்கோட்டை பஸ் பிடிக்கிற அவசரம் எனக்கு. சைத்தூன் உம்மா கெட்டிக்காரி, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார் என்ற பெருமையோடு கிளம்பிவிட்டேன்.

காதர் கேசட்டில் பேசினாலும் கடிதம் போலத்தான் பேசுவான். "அன்பும் பாசமும் நிறைந்த உம்மா அவர்களுக்கு, இவ்விடம் நலம், அவ்விடம் தங்கள் நலமறிய ஆவல்" என்று ஆரம்பித்து, கடைசி வரை அதே சுருதியில் போகும். உம்மாவும் அதே மாதிரி அடக்கமாகப் பேசி முடித்திருக்கிறார். பேசி முடித்தாரே தவிர, டேப்பை நிறுத்தவில்லை. நிறுத்துகிற பட்டனை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை, காதர் கேசட்டையும் கடைசி வரை ஓடவிட்டே கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். அது பாட்டுக்கு ஓடித் தீர்ந்து, தானே 'டக்' என்று நின்றிருக்கிறது. கேசட்டை எடுத்துக் கவரில் போட்டு, சவுதிக்குத் திரும்புகிற ஒருவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த கேசட் வந்தபோது நாடா சிக்கிக்கொண்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்து ஓடவிட்டேன். காதர் குரல். ஆனால் 'இவ்விடம், அவ்விடம்' ஒன்றும் இல்லை.

"ம்மா, நீங்க பேசுனதை ரூம்ல எல்லாரும் உக்காந்து கேட்டோம். நீங்க சலாம் சொல்லி முடிச்ச பொறவும் டேப் ஓடுச்சு. மும்தாஜு என்னை மாதிரிப் பேசிக் காட்டுனா. 'இவ்விடம் வெயில் அதிகம், அவ்விடம் எப்படி'ன்னு. அதுக்கு நீங்க, 'அவ்விடமும் வெயில்தான் மகனே, மழை பெஞ்சா கேசட்டுல புடிச்சு அனுப்புதேன்'னு சொன்னீங்க. ரெண்டு பேரும் சிரிச்சீங்க."

மும்தாஜ் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். உம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார். நான் நிறுத்தக் கையைக் கொண்டுபோனேன். உம்மா திரும்பாமலேயே கையைக் காட்டித் தடுத்தார்.

டேப் ஓடிக்கொண்டிருந்தது. காதர் மேலே சொன்னான்: "மொதல்ல ரூம்ல பசங்க முன்னாடி கூசிப் போச்சும்மா. பொறவு எல்லாரும் வேலைக்குப் போன நேரம் தனியா போட்டுக் கேட்டேன். நம்ம வீட்டுல ரெண்டு பேரும் சேந்து இப்படிச் சிரிப்பீங்கன்னே எனக்குத் தெரியாது. அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்கேன். நாடா தேஞ்சிரும்போல. இன்னொண்ணு பேசி அனுப்புங்க."

அவர்கள் வீட்டு அந்தரங்கத்தின் நடுவில், பென்சிலும் கையுமாக நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவும் வழி இல்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். சைத்தூன் உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: "ஏ புள்ள, ஊருல இனி யாருக்குச் சொல்லிக் குடுத்தாலும், நிறுத்துத பட்டனை மொதல்ல சொல்லிக் குடு."

இருட்டறையில் கால்குலேட்டர்

செங்கோட்டையில் ஒரு ஜோசியர். மலையாளக் கரையில் இருந்தும் ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். மருமகன் அவருக்குச் சூரிய வெளிச்சத்தில் ஓடுகிற கால்குலேட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். வயதாகிவிட்டது, கூட்டல் வகுத்தல் தப்பிப்போகிறது என்று அவரே என்னிடம் சொன்னார். ஆனால் கற்றுக்கொள்வது யாருக்கும் தெரியக் கூடாது. கடையில் கூட்டம் இல்லாத மத்தியானமாகப் பார்த்து வந்து, குடையை வாசல் பக்கம் விரித்து வைத்துக்கொண்டு, அதன் மறைவில் பாடம் கேட்பார். எதிர்க்கடைக்காரர் என்ன நினைத்தாரோ, எனக்குத்தான் நெளிச்சலாக இருக்கும்.

ஒரு நாள் சாமானைத் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாக வந்தார். "மோளே, இது சரியில்ல. வீட்டுல நல்லா ஓடுது. ஆள் முன்னால இருக்கும்போது எழுத்து எல்லாம் மறஞ்சு போகுது. நேத்து ஒரு கல்யாணப் பொருத்தம். பாதிக் கணக்குல அவிஞ்சு போச்சு. பொண்ணோட தகப்பனாரு என் முகத்தையே பாக்காரு. கிரகம் சரியில்லன்னு சொல்லி எந்திரிச்சிட்டேன். அந்த மனுஷன் அழுதுட்டுப் போறாரு."

எங்கே வைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். பூஜை அறையில், பஞ்சாங்கத்துக்கு அடியில், கையால் மூடிக்கொண்டு பார்த்தாராம். வெளிச்சம் பட்டால்தான் சாமி இது ஓடும், மூடினால் அணைந்துவிடும் என்று சொல்லி, ஜன்னல் ஓரம் பிடித்தேன். எண் தெரிந்தது. என் உள்ளங்கையால் மூடினேன். மங்கி மறைந்தது. அவர் பல தடவை தானும் மூடித் திறந்து பார்த்தார். முந்தின நாள் நின்றுபோன கணக்கை அங்கேயே போட்டு முடித்தார். அந்தப் பெண்ணின் அப்பாவை அன்றைக்கே ஆள் விட்டுக் கூப்பிட்டு, பொருத்தம் இருக்கிறது என்று சொல்லப்போவதாகச் சொன்னார். கால்குலேட்டரை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டுக் குடையை மடக்கினார்: "வெளிச்சத்துல வச்சாத்தான் ஓடும்னா, எனக்கு எதுக்கும்மா இது?"

இலஞ்சிச் சம்பந்தம்

பொறுமையைப் பற்றி நீங்கள் யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். எனக்கு அது இல்லாததால் ஒரு கல்யாணமே நின்றிருக்கிறது.

இலஞ்சியில் ஒரு பெரியவர் வீட்டில் கலர் டிவி வாங்கியிருந்தார்கள். மூத்த மகன் சிங்கப்பூரில் இருந்து கொண்டுவந்தது. கையில் பிடித்து அமுக்குகிற ரிமோட் வேறு. பெரியவர் ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்து, தன் நெஞ்சைப் பார்த்து அமுக்குவார். திருப்பிக் கொடுத்தால் மறுபடியும் அதே. இலங்கை ஒளிபரப்பு அன்றைக்குத் தெளிவாக வந்துகொண்டிருந்தது, அது மறைவதற்குள் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், "எத்தனை மட்டம் சொல்லுதது? டிவி அங்கன இருக்கு, நீங்க இங்கன உங்க நெஞ்சுக்கே சேனல் மாத்துதீங்களே!" என்று சொல்லிவிட்டேன். வீட்டுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. ரிமோட்டைத் துண்டில் துடைத்து, மெதுவாக டிவி மேலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நாளில் அம்மா ஒரு வரன் என்றாள். இரண்டாவது பையன், கூட்டுறவு சொசைட்டியில் வேலை, நல்ல குடும்பம். எந்த ஊர் என்று கேட்காமல் புடவை கட்டிக்கொண்டு போய் நின்றேன். நமஸ்காரம் பண்ணி நிமிர்ந்தால் எதிரில் அந்தப் பெரியவர். அவர் அங்கே பழைய கதை எதையும் எடுக்கவில்லை. காப்பி நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். பையனுக்கும் என்னைப் பிடித்திருந்ததாம். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, அம்மாவிடம் தயங்கித் தயங்கிப் பெரியவர் சொன்னதை அப்படியே சொன்னார்: "பொண்ணைக் குறை சொல்ல முடியாது. ஆனா எனக்கு வயசாகுது, இனிமே எல்லாத்தையும் ரெண்டு மட்டம் கேக்கணும். அந்தப் பொண்ணு கிட்டக் கேக்க முடியாது."

ஆபரேட்டர் பெண்

எண்பதுகள் முடிகிற சமயம் அண்ணாச்சி குற்றாலத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத் போட்டார். சீசனுக்கு என்னை அங்கே உட்கார வைத்தார். எண்ணெய் தேய்த்த உடம்போடு வருகிறவர்கள் கையில் ரிசீவர் வழுக்கும். சிவப்பு எண்ணில் கட்டணம் ஓடுவதைப் பார்த்துப் பயந்து பாதிப் பேச்சில் வைத்துவிட்டு ஓடுவார்கள். டயல் பண்ணுவது முதல் எல்லாம் நான்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆலங்குளத்தில் கமிஷன் மண்டி வைத்திருந்த வேலாயுதம் பெரியவர் சாரலுக்கு வந்து, சிநேகிதர்களோடு வீடு எடுத்துத் தங்கியிருந்தார். மண்டியில் காலமெல்லாம் ஆபரேட்டரிடம் சொல்லி டிரங்க் கால் புக் பண்ணிப் பழகியவர். மெட்ராஸில் இருக்கும் மகனோடு பேச வேண்டும் என்றார். காத்திருக்கும்போது அவரே சொன்னார். மகன் தன் இஷ்டத்துக்கு வேற்று ஜாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். பெண்டாட்டி சிவகாமி காலமானபோதுகூட அந்த மருமகளை வாசலுக்குள் விடவில்லை. மகனோடு மட்டும்தான் பேச்சு, அதிலும் அவளைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ பேச்சு வரக் கூடாது. நான் நம்பரைச் சுழற்றி, மணி அடித்ததும் ரிசீவரைக் கொடுத்தேன். அவருக்குக் காது மந்தம் என்று ரிசீவர் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால் அந்தப் பக்கத்துக் குரலும் எனக்குக் கேட்டது. ஒரு பெண், "ஹலோ" என்றாள்.

"ஆபரேட்டரா? பி.பி. கால் ஒண்ணு. மகன் கைலதான் குடுக்கணும். மருமக எடுத்தா லைனைக் கட் பண்ணிருங்க. அவகிட்டப் பேச எனக்கு ஒண்ணும் இல்ல."

எஸ்.டி.டி.யில் நடுவில் ஆபரேட்டர் கிடையாது என்பதைச் சொல்ல நான் மறந்திருந்தேன். ரிசீவரைப் பிடுங்கக் கை போனது, ஆனால் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு நிதானமாகப் பதில் வந்தது. "சரிங்கய்யா. பார்ட்டி ஆபீஸ் போயிருக்கார். என்ன சொல்லணும்?"

"நான் நல்லா இருக்கேன், குத்தாலத்துல இருக்கேன்னு சொன்னாப் போதும்."

"சொல்லிடறேன். உங்க குரல்ல இழுப்பு தெரியுது. தண்ணி பெருசா விழற நேரம் அருவியில நிக்காதீங்க."

அவர் வெளியே வந்து மலர்ந்துபோய்ச் சொன்னார், ஆபரேட்டர் பிள்ளைக்கு எவ்வளவு தன்மை என்று. நான் பில்லைக் கிழித்துக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே வந்து, நேற்றுப் பேசிய ஆபரேட்டரையே போடு என்றார். போட்டேன். அதற்குப் பிறகு தினமும் மகன் ஆபீஸில் இருக்கிற நேரமாகப் பார்த்து வந்தார். என்ன சாப்பிட்டீங்க என்று அவள் கேட்பாள். ஐந்தருவியில் கூட்டம் என்று இவர் சொல்வார். அந்த நாடகத்துக்கு நம்பர் சுழற்றிக் கொடுத்துக்கொண்டு, யாரை ஏமாற்றுகிறேன் என்றே தெரியாமல், நான் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் போனை ஒரு குழந்தை எடுத்துவிட்டது. பாடம் பண்ணி வைத்த மாதிரி ஒப்பித்தது: "ஹலோ, நான் சிவகாமி பேசறேன். நீங்க யாரு?"

பெரியவர் ரிசீவரைப் பூனைக்குட்டியை இறக்கி விடுவது போல இறக்கி வைத்தார். வெளியே வந்து, என் முன்னால் நின்றார். தலையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என் பெண்டாட்டி பேரை வச்சிருக்காவ. அந்த ஆபரேட்டர்..."

"உங்க மருமகதான் அய்யா."

"நான் மொத நாள் சொன்னதக் கேட்டதும் அவதானா?"

"ஆமா."

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் இத்தன நாளும் பேசுனாளா? உனக்கும் தெரியுமா?"

தலையைக் குனிந்தேன். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அவர் காதில் விழவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். உள்ளே போன் அடித்தது. மெட்ராஸில் இருந்து அவள்தான், பேச்சோடு பேச்சாகப் பூத் நம்பரை அவரிடமே கேட்டு வைத்திருந்தாள். எடுத்தேன். "பெரியவர் நல்லா இருக்காரா? குழந்தை எடுத்துடுச்சு, திட்டாதீங்கன்னு சொல்லுங்க" என்றாள். நான் ரிசீவரை அவர் பக்கம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. துண்டுக்குள் இருந்தே சொன்னார்: "நாளைக்கும் ஆபரேட்டர்னு சொல்லியே போட்டுக் குடும்மா. மருமகளேன்னு கூப்பிட எனக்கு இன்னும் முகம் வரல."

இத்தனை வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், எந்த மெஷினும் யாருக்கும் ஒரு வாரத்துக்குள் பழகிவிடுகிறது, 'எனக்குத் தெரியாது' என்று சொல்லப் பழகத்தான் அவர்களுக்கும் ஆயுசு போதவில்லை, எனக்கும் போதுமா என்று தெரியவில்லை.